குறுக்கே வராத மாடு

12-9-84, புதன்

இன்சூரன்ஸ் படிவத்தில் 'விபத்து எப்படி நடந்தது?' என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டுக் காரை உருள விடுவேன். இந்த மலையில் பலரும் செய்வதுதான். இன்று காலை அப்படி உருளும்போது ஒரு வளைவில், இஞ்சினின் இழுப்பு இல்லாமல் சூடேறிப்போன பிரேக் சரியாகப் பிடிக்காமல் கார் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. மட்கார்டு நசுங்கியதோடு சரி. பின்சீட்டில் என் ஏழு வயது மகள் செல்வி இருந்தாள்.

"இஞ்சின அணைச்சத எழுதுனா பணம் வராதுங்க. மாடு குறுக்க வந்துச்சுன்னு எழுதிப்போடுங்க. யாருங்க பாத்தா?" என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

அந்த வளைவில் கொய்யா விற்கும் அம்மா பார்த்தார். "ஏனுங்க, வண்டிச் சத்தமே கேக்கலீங்களே?" என்று அப்போதே கேட்டார். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து அவரை விசாரித்தால்? பேசாமல் கைக்காசில் சரிசெய்துவிடலாமா? அதற்கு ஏஜென்ட் சிரிப்பார்.

சாப்பிட்டதும் துணிந்து 'மாடு' என்று எழுதப் போனேன். செல்வி வந்து தோளில் சாய்ந்தாள்.

"நாளைக்கும் சத்தமில்லாம எறங்கலாங்களாப்பா? நொம்ப நல்லா இருந்துச்சு."

பேனாவை மூடிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.