மேனேஜரைக் கேட்டுத்தான் உயில்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. நான் கேட்கப் போவதைப் போனில் கேட்டால், பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா என்று சொல்லிவிடுவாய், உடனே உன் தம்பி போனைப் பிடுங்கிக் குட்டியைக் காட்டச் சொல்வான். நீ நிதானமாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். மருந்துக் கடையில் அத்தனை வருஷம் டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்த பாவம், என் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான், நாங்கள் உயில் எழுதுகிறோம். உயில் என்று பேச்செடுத்தாலே உன் அப்பா என்னை இப்போதே மூட்டை கட்டச் சொல்கிறாயா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், உனக்குத் தெரியும். மாடி வீட்டுத் தையல்காரர் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தாரே, அவர் பிள்ளைகள் இருவரும் ஒரே கதவுக்கு ஆளுக்கொரு பூட்டாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு ஞானம் வந்தது. வந்ததும் வந்தது, யாரையும் கேட்காமல் தானே ஒரு தாளில் எழுதியும் முடித்துவிட்டார். வீடும் வங்கியில் இருப்பதும் உன் தம்பிக்கு, எங்கள் காலத்துக்குப் பிறகு தம்பி உன் பொறுப்பு, அவ்வளவுதான். என்னமோ பெரிய சட்டமேதை மாதிரி அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார், நானும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

வக்கீல் அம்மாவின் ஆபீஸ் பேக்கரிக்கு மேலே இருக்கிறது, அப்பா ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு ஏறினார். நம் மேனேஜர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம், அவன் வேலை செய்கிற சலவைக் கடைக்கு அன்று லீவு. லாண்டிரியில் வைத்த பெயர் இப்போது தெரு முழுக்கப் பரவி, வக்கீலிடமும் அவன் மேனேஜர் என்றுதான் சொல்லிக்கொண்டான். அந்த அம்மா தாளைப் படித்துவிட்டு, வீட்டை நேராக அவன் பெயருக்கு எழுதினால் நாளைக்கு எவனாவது இரண்டு நல்ல வார்த்தை பேசிக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவானே என்றாள். அது நியாயம்தான், ஆள் வளர்ந்தாலும் மனசு குழந்தைதானே, அவன் போடுவான். அடுத்து உன்னைப் பற்றிய வரிக்கு வந்தாள். “வீட்ட யாருக்கு வேணும்னாலும் எழுதலாங்க. ஒரு ஆள எழுதி வைக்க முடியாது. உங்க பொண்ணுகிட்ட கேட்டீங்களா?” அவள் என் மகள், அவளைக் கேட்க என்ன இருக்கிறது என்று அப்பா விறைத்துக்கொண்டார். சரி, இவரிடமாவது கேட்டீர்களா என்று உன் தம்பியைக் காட்டினாள். அவன்பாட்டுக்கு அவள் மேஜையில் இருந்த ஃபைல்களை எல்லாம் முனை பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தான். டீயா காப்பியா என்பதைத் தவிர அவனிடம் நாங்கள் என்ன கேட்டிருக்கிறோம்?

அவள் அவன் பக்கம் திரும்பி, அம்மா அப்பா இல்லாத காலத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் சார் என்று கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டேன், பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது. அவன் அசரவில்லை. “வீட்லதான். எனக்கு லாண்டிரி இருக்கு. அக்கா லீவுக்கு வரட்டும்.” கொஞ்சம் யோசித்து, “ராத்திரி மட்டும் கூட யாராவது படுத்துக்கணும். தனியா பயமா இருக்கும்” என்றான். நான் இத்தனை நாள் மூடி மூடி வைத்ததை எல்லாம் அவன் தனியாக யோசித்து வைத்திருக்கிறான் கண்ணு. நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எலி வளையானாலும் தனி வளை என்பது அவனுக்கும்தானே.

அதனால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னோம். வீடும் பணமும் ஒரு டிரஸ்டில் இருக்கும், அவன் இருக்கும்வரை யாரும் விற்க முடியாது, அவனுக்குப் பிறகு குட்டிக்கு. அடுத்த தெருவில் இருக்கிற உன் சித்தி மகள், நர்ஸ், அவளும் அவள் புருஷனும் வாடகை இல்லாமல் முன்னறையில் வந்து இருந்துகொண்டு அவனைப் பார்த்துக்கொள்வார்கள். அவளை உட்கார வைத்துக் கேட்டோம், மனதாரச் சம்மதித்தாள், ஆனால் பணப் பொறுப்பு மட்டும் தன் ஒருத்தி கையில் வேண்டாம் என்றாள். செலவு செய்கிறவர் ஒருவர், கேள்வி கேட்கிறவர் ஒருவர் என்று இருப்பதே நல்லது என்று வக்கீலும் சொல்கிறாள். அந்தக் கேள்வி கேட்கிற ஆளாக நீ இருப்பாயா? கணக்குப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி அது இது என்றால் முடிவு சொல்ல வேண்டும், அவன் முகம் வாடியிருக்கிறதா என்று போனில் பார்க்க வேண்டும். உன் வேலையை விட வேண்டாம், ஊரை விட்டு வர வேண்டாம். அந்தப் பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். முடியாது என்றால் முடியாது என்று எழுது, வக்கீல் வேறு ஏற்பாடு செய்வாள், அதற்காக நான் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன், அப்பாவையும் சொல்ல விட மாட்டேன்.

இன்னொன்று. உனக்குப் பிடித்த அந்த மூன்றாவது மாடி வீட்டை, தம்பிக்குத் தனி அறை இல்லை என்று நீ வேண்டாம் என்றுவிட்டதாக மாப்பிள்ளை அப்பாவிடம் உளறிவிட்டார், அவரைத் திட்டாதே. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயும் உன் கணக்கில் அவனைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய். அந்த வீட்டையே வாங்கு. அவன் லீவுக்கு வந்தால் ஹாலில் படுத்துக்கொள்வான்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அவன் பிறந்த வருஷத்திலிருந்து நான் விளக்கை அணைக்கும்போது வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், எனக்கு ஒரு நாள் முன்னாலாவது அவன் போய்விட வேண்டும். பெற்றவள் வாயில் வரக்கூடாத வார்த்தை. வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. அவன் நூறு வயது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கினேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் நீயும் மாப்பிள்ளையும் ஒரு உயில் எழுதி வையுங்கள், குட்டிக்கு யார் என்று அதில் இருக்கட்டும், எழுதுமுன் அந்த ஆளைக் கேளுங்கள்.

ஆசிகளோடு,
உன் அம்மா