ஒன்பது பேருக்கு ஒரு கதிரை

இன்று காலை கபோச் சந்தையில் மத்தி மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தத் துணிக்கடைக்காரன் கூப்பிட்டான். கடை வாசலில் அதே துணி தொங்கியது. வெள்ளையில் பெரிய பெரிய மஞ்சள் எலுமிச்சைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பச்சை இலைகள். மேசை விரிப்புக்கென்றே நெய்த துணி. "இன்றைக்கு எத்தனை மேசைக்கு, சிஞ்ஞோரா?" என்று கேட்டுச் சிரித்தான். மூன்று வருடமாகியும் மறக்கவில்லை, பார். அன்றைக்கு அவன் இதையே உன்னிடம் கேட்டபோது, "ஒரு மேசைதான், ஆனால் சொல்வழி கேளாத மேசை" என்று சொல்லிவிட்டு முழுச் சுருளையும் வாங்கினாயே, அதைத்தான் நினைத்திருப்பான்.

உன்னைக் கேட்டான். போய்விட்டாய் என்றேன். மிலானோவுக்கா என்றான். இல்லையென்று கையை மேலே காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றினான். நான் மீன் பையைப் பிடித்தபடி நடுச்சந்தையில் நின்று அழுதேன். மத்தி மீன் விலைக்கு அழுகிறாள் என்று இரண்டு பேராவது நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தும் மீனைத் துப்புரவாக்கவில்லை. முதலில் இதை எழுதுகிறேன்.

நீ தமிழ் வாசிக்கமாட்டாய், தெரியும். நாம் இருவரும் கதைத்தது இத்தாலியன். உன்னுடையதும் பிழை, என்னுடையதும் பிழை. இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்திப்போயின. இங்கே நீ சொன்னவற்றை என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். ஆபிரிக்காக்காரியை யாழ்ப்பாணத்தாள் ஆக்கிவிட்டேன் என்று கோபிக்காதே.

ஒரே கட்டடத்தில்தானே வேலை செய்தோம். நான் மூன்றாம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில். நீ இரண்டாம் மாடியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டாய். உடுப்புக் காயப்போடும் மொட்டை மாடி இருவருக்கும் பொது. முதல் நாள் கொடிக்கயிற்றுக்காகச் சண்டை பிடித்தோம். நான்தான் தொடங்கினேன். நீ கயிற்றின் நடுவில் ஒரு துணிக்கிளிப்பைக் குத்தி, "இது எல்லை. இதைத் தாண்டினால் பேச்சுவார்த்தை" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கிளிப்புகளை வைத்துத்தான் உன் நாட்டுக் கதையையும் சொன்னாய். சிவப்புக் கிளிப்புகள் அரசாங்கம். நீலக் கிளிப்புகள் எதிர்த்துச் சண்டை பிடித்தவர்கள். பக்கத்து நாட்டில் ஒரு ஹோட்டலில் சமாதானப் பேச்சு. இரண்டு பக்கத்துப் பெண்களும் கூப்பிடாமலே பஸ் பிடித்துப் போய் ஹோட்டல் வளவில் அடுப்பு மூட்டினீர்கள். பல கிழமை வாசலில் நின்ற பிறகு உங்களுக்கு உட்கார ஒரு கதிரை தந்தார்கள். ஒன்றே ஒன்று. பார்வையாளர் அட்டையும் ஒன்றே ஒன்று. வாய் திறக்கக்கூடாது.

ஒரு கதிரை எந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு? அங்கேயே உங்களுக்குள் அடுத்த யுத்தம் தொடங்கியிருக்க வேண்டும். நீங்களோ ஒரே சுருளில் துணி வாங்கி, பதினொரு பேரும் ஒரே மாதிரிச் சுற்றி, ஒரே மாதிரித் தலைப்பாகை கட்டி, நாளுக்கு ஒருத்தியாய்ப் போய் இருந்தீர்கள். "அவங்கள் ஒரு நாளும் முகத்தைப் பாக்கேல்லை. களைக்காத மனிசி எண்டு மெச்சினவங்களாம்" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில் ஒரு தலையணை உறை கீழே தெருவில் போய் விழுந்தது.

உன் முறை வந்த நாளில் அமைச்சுகளைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். நீ எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாய்: சந்தைக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் போட்டிருக்கிற தடைகளை எப்போது எடுப்பீர்கள்? அவர்கள் அடுத்த அமைச்சுக்குப் போனார்கள். வெளியே இருந்த பத்துப் பேரும் சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் தாண்டிப் பசி முற்றிய பிறகு அது ஒப்பந்தத்தில் பதினேழாம் பிரிவாக எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்ட ஆண்களின் பெயர் இரண்டு பக்கத்துக்கு இருந்ததாம். உங்கள் பதினொரு பேரில் ஒருத்தியின் பெயரும் இல்லை.

தடை எடுத்தார்களா என்று கேட்டேன். "எட்டு மாசம் திறந்திருந்தது. எட்டு மாசம் சனம் தக்காளி வித்தது. அது சின்ன விசயமோ?" என்றாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. என்னுடையதையும் நான் உனக்குச் சொல்லவில்லையே. எங்கள் நாட்டுப் பேச்சுவார்த்தைகளைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றது மட்டும்தான் ஞாபகம்.

இனி எங்கள் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். ஒரேத்தோத் தெருவில் என் சிஞ்ஞோராவுக்குச் சொந்தமான ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தச் சும்மா தந்திருந்தார். ஆண்டு விழாவில் குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்று என் கணவருக்கும் என் மச்சாளின் கணவருக்கும் கொழுவல். மச்சாள் என்றால் என் கணவரின் சொந்தத் தங்கை. மச்சானும் மச்சானும் முறைத்துக்கொண்டதில் எங்கள் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு தலைவர்கள் முளைத்து, ஆளுக்கொரு பூட்டை அதே கதவில் போட்டார்கள். ஒருவர் தன் பூட்டைத் திறந்தாலும் மற்றவரின் பூட்டு தொங்கும். வகுப்பு நின்றுபோனது. என் சின்னவள் நான் தமிழில் கேட்டால் சிசிலியக் கறிக்கடைக்காரன் மாதிரி இத்தாலியனில் பதில் சொல்லத் தொடங்கினாள். நானும் மச்சாளும் எட்டு மாதம் கதைக்கவில்லை. அவளும் நானும் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

சிஞ்ஞோரா ஒருநாள் கறாராகச் சொன்னார்: இந்த மாதக் கடைசிக்குள் பூட்டுகள் போகாவிட்டால் மண்டபம் அவருடைய மருமகனின் மோட்டார் சைக்கிள் கராஜ். மொட்டை மாடிக்கு வந்து உன்னிடம் புலம்பினேன். ஆண்கள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் மூன்று ஞாயிறு கூடிப் பேசிவிட்டார்கள், மூன்றும் யார் எந்தப் பக்கம் இருப்பது என்பதிலேயே முடிந்தன என்றேன். நீ ஈரத் துணியை உதறியபடி, "அங்கை பொம்பிளையள் உங்களுக்கு எத்தினை கதிரை?" என்று கேட்டாய். அப்படியொரு கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை.

கதிரை கேட்டோம். நீயே என்னை மச்சாள் வீட்டு வாசலுக்கு இழுத்துப்போய், என்னைக் கீழே நிறுத்திவிட்டு, அவளோடு நீ கதைத்தாய். இரண்டு பக்கத்திலுமாக ஒன்பது பெண்கள் சேர்ந்தோம். ஆண்கள் ஒரு கதிரை தந்தார்கள். கதவடியில், தேநீர்ப் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில். பார்வையாளரே தேநீரும் ஊற்றவேண்டும் என்பது எங்கள் ஆண்கள் உலகச் சமாதானத்துக்குச் செய்த புதிய பங்களிப்பு.

உனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. உன் நாட்டில் ஒரே துணி கட்டுவது பெருமை. எங்களில் ஒருத்தி கட்டின சேலையை இன்னொருத்தி கட்டிவிட்டால் அந்தக் கலியாண வீட்டில் இருவரும் சோறு தின்னமாட்டார்கள். நிறம் தெரிவு செய்யவே மூன்று நாள் போனது. நான் பச்சை என்றால் மச்சாள் பச்சை தனக்கு ஆகாது என்று மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்புவாள். பிறகுதான் நீ கபோவுக்குப் போய் இந்த எலுமிச்சைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். ஒன்பது பேரும் ஒன்றாக முகத்தைச் சுளித்தோம். எட்டு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான்.

"ஒருத்திக்கும் பிடிக்கேல்லையோ? அப்ப இதுதான் சரியான துணி" என்றாய்.

அந்தத் துணியைச் சேலையாகக் கட்டியிருக்கிறாயா நீ? கொசுவம் வைத்தால் வயிற்றடியில் ஒரு தலையணை நின்றது. நீ எங்கள் தலைக்கும் அதே துணியில் முக்காடு கட்டிவிட்டாய். நாலாம் ஞாயிறு நாங்கள் வரிசையாக நடந்துபோனபோது ஒரு கிழவி வாசலிலிருந்து எழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

அரை மணிக்கு ஒருத்தி என்று முறை வைத்தோம். மற்றவர்கள் உன்னோடு முற்றத்தில். என் முறை வந்தது. மச்சாளின் கணவர் கதவுக்கு முதுகைக் காட்டி இருந்தார். நான் தேநீரை வைக்கக் குனிந்தேன். கண்ணோரத்தில் எலுமிச்சை தெரிந்ததும் திரும்பிப் பாராமலே மெல்லச் சொன்னார்: "இஞ்சரும், பூட்டைக் கழட்ட எனக்கு ஒண்டுமில்லை. அவர் முதலில கழட்டட்டும். நான் எப்படி இறங்கிப்போறது?"

எங்கள் ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இஞ்சரும்' என்றால் வீட்டில் ஒருத்திதான் இருப்பாள், அவள் வந்துவிடுவாள். அன்றைக்கு அந்த அறையில் அது யாருக்கும் பொருந்தியது. எதிர்க்கட்சித் தலைவரின் இரகசியத்தைக் கேட்டுக்கொண்டு, சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்து மச்சாள் உள்ளே போனாள்.

அரை மணி கழித்து வந்தாள். முகம் ஒரு மாதிரி. நேரே என்னிடம் நடந்து வந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள். "மச்சாள், அண்ணை என்னை நீங்களெண்டு நினைச்சு, பூட்டு ஒரு பிரச்சினையில்லை, அவன் முதலில கழட்டினால் சரியெண்டு சொல்லுறார். சொந்தத் தங்கச்சியையே தெரியேல்லை."

நான் எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அந்தத் தேவாலய முற்றத்தில், வயிற்றடித் தலையணைகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடியும்போது அது வெறும் கண்ணீராகத்தான் இருந்தது. அவள் என் தோளில் முகத்தை வைத்தாள். இந்த மனுசர்களின் விளக்கு ஏற்றும் ஆசைக்கு எட்டு மாதம் அவளை இழந்திருந்தேன்.

இரண்டு பேரின் காற்சட்டைப் பையிலிருந்தும் பூட்டின் திறப்பை எடுத்துவிடுவோம், துவைக்கிறவர்கள் நாங்கள்தானே என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. களவாகத் திறந்த கதவை நாளைக்கே பூட்டிவிடுவார்கள், எழுதுங்கள் என்றாய். ஒரு வரி எழுதினோம்: இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் கழற்றப்படும், யார் முதல் என்ற கேள்வியே இல்லை. மச்சாள் அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

யோசிக்கட்டும் என்று நாங்கள் நடையில் உட்கார்ந்தோம். உங்களுக்கு வாய்த்தது சாப்பாட்டு அறைக்குப் போகிற நடை. எங்களுக்கு வாய்த்தது கழிப்பறைக்குப் போகிற நடை. மூன்று மணித்தியாலமாக அவர்களுக்குப் பிளாஸ்க் பிளாஸ்க்காக ஊற்றியிருந்தோம். என் கணவர்தான் முதலில் எழுந்து வந்தார். ஒன்பது எலுமிச்சைப் பெண்களையும் உன்னையும் பார்த்தார். திரும்பிப் போய்ப் பேனை கேட்டார். மற்றவர் அதே பேனைக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாராம்.

ஆண்கள் கையெழுத்துப் போட்டதும் எழும்பப் போனோம். நீ எழும்பவில்லை. அன்றைக்கு உன் குரலில் சிரிப்பே இல்லை. "உங்கட பேரை எழுதுங்கோ. ஒவ்வொருத்தியும். நாங்கள் அங்கை எழுதாமல் எழும்பிப் போயிட்டம்" என்றாய்.

எழுதினோம். ஒன்பதாவது ஆள் எழுதிய பிறகு மச்சாள் பேனையை உன் கையில் வைத்தாள். நீ இது உங்கள் சங்கம் என்று மறுத்தாய். அவள் நகரவில்லை. நீ சுவரோடு கடதாசியை வைத்து உன் பெயரையும் உன் அம்மாவின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதினாய். எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றாய்.

மறுநாள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பூட்டைத் திறந்தபோது என் கணவரின் பூட்டு கறள் பிடித்து இறுகியிருந்தது. மச்சான்காரன்தான் ஓடிப்போய் ஒலிவ் எண்ணெய் வாங்கி வந்து பூட்டுக்குள் விட்டார். இப்போது ஆண்டு விழாவில் இருவரும் தனித்தனியாக, சமாதானம் செய்தது தான்தான் என்று பேசுகிறார்கள். போன வருடம் வரை நீ முன்வரிசையில் இருந்து, எல்லாம் விளங்கியவள் மாதிரி இரண்டு பேருக்கும் கை தட்டுவாய்.

தை மாதம் உன் அடக்கத்துக்கு ஒன்பது பேரும் அதே துணியில் வந்தோம். உன் ஊர்ப் பெண்கள் கறுப்பும் வெள்ளையும். நாங்கள் எலுமிச்சை. பாதிரியார் ஒரு நிமிடம் வாசித்துக்கொண்டிருந்த வரியைத் தொலைத்துவிட்டார். நீ பார்த்திருந்தால் தேவாலயம் அதிரச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கயிற்றின் உன் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் இன்னும் அந்தக் கிளிப்பைத் தாண்டித் துணி போடவில்லை.

அந்தக் கடதாசியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் வாசிப்புப் பழக்க நான் பிள்ளைகளை அதற்கு முன்னால்தான் நிறுத்துகிறேன். எங்கள் ஒன்பது பேரின் தமிழ்ப் பெயர்களிலும் தடக்கி, எழுத்தெழுத்தாய்க் கூட்டி, என் பெயரையே இரண்டு விதமாகக் கொலை செய்வார்கள். பத்தாவது பெயர் நீ இத்தாலியன் எழுத்தில் எழுதியது. அவர்களுக்கு உதவியில்லாமல் வாசிக்க வருவது அது ஒன்றுதான். அது வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, உன் அம்மாவையும் ஊரையும் விடாமல், தெருவுக்குக் கேட்க உன் பெயரை வாசிக்கிறார்கள்.