பொங்கல் ஓட்டம் முடியட்டும் என்றீர்கள்

இஞ்சேருங்கோ,

இன்று காலை என் தம்பி காருக்குப் பிறேக் எண்ணெய் விடும்போது கொஞ்சம் முற்றத்தில் சிந்திவிட்டது. அந்த வாடை குசினி வரைக்கும் வந்தது. அரிசி களைந்த கையோடு எழும்பிப் போய் அவன்மேல் எரிந்து விழுந்தேன். அந்தக் கோபம் உங்கள்மேல்தான் என்று அவனுக்குத் தெரியும்.

பிறேக்குக்கு எண்ணெய் தள்ளுகிற அந்த மாஸ்டர் சிலிண்டரைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவனே அவன்தான். கராஜில் வேலை செய்த காலம். நீங்கள் வாடகைக்கு ஓட்டிய எங்கள் பழைய சின்னக் காரில் இருந்தது ஒற்றை அறைச் சிலிண்டர். எங்கேயாவது ஒழுகினால் நாலு சில்லுக்கும் பிறேக் போய்விடும். அவன் கொண்டுவந்தது இரண்டு அறை உள்ளது. முன் சில்லுகளுக்கு ஒன்று, பின் சில்லுகளுக்கு ஒன்று. ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கும். அவன் சொன்னபோது எனக்கே விளங்கியது. இரும்பில் ஒரு தாங்கி செய்து ஒட்ட வேண்டும், குழாய்களைப் புதிதாக வளைக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் கார் ஓடாது என்றான். அதுதான் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

நெல்லு வெட்டு முடியட்டும் என்றீர்கள். பிறகு கனகராயன்குளத்தில் ஒரு கலியாண ஓட்டம் என்றீர்கள். சிலிண்டர் பழந்துணியில் சுற்றியபடி அலுமாரிக்குள் உங்கள் வேட்டிகளோடு கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம் சிரிப்பீர்கள்.

"ரெண்டுதரம் மிதிச்சால் நிக்குதுதானே. வற்றாப்பளை அம்மன் பொங்கல் ஓட்டம் முடியட்டும், கழட்டுவம்."

பொங்கலன்று பின்னேரம் ஒரு குடும்பத்தைக் கோயிலடியில் இறக்கிவிட்டு, அடுத்த ஆட்களை ஏற்றத் தனியே திரும்பினீர்கள். வளைவில் ஒரு மாட்டு வண்டி. அதில் தாயும் தகப்பனும் பிள்ளைகளும். நீங்கள் மிதித்த பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. வண்டியில் மோதாமல் காரை வெட்டிப் பாலை மரத்தில் கொண்டுபோய் விட்டீர்கள். வண்டியில் இருந்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

செத்தவீட்டில் உங்களை உத்தமன் ஆக்கிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்திலும், பிள்ளைகளுக்காகத் துணிந்து உயிர் கொடுத்தவர் என்று பாட்டு. உங்கள் அண்ணர் எழும்பி நின்று அதை வாசித்தார். சனம் அழுதது.

"நிப்பாட்டுங்கோ அத்தான்" என்றேன். "அவர் துணிஞ்சு சாகேல்லை. பிறேக் இல்லாமல் செத்தவர். பிறேக் அலுமாரிக்குள்ள கிடக்குது."

புருசன் பெயரைச் சபையில் கெடுத்தவள் என்று ஊர் கதைத்தது. உங்களைப் பெற்ற மாமி கனகாலம் என் முகம் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்த வண்டிக்காரர் வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியிருக்கிறவர். பிள்ளைகளையும் கூட்டி, ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தார். "அவுங்க திருப்பலைன்னா எம் புள்ளைங்க இல்லம்மா" என்றார். அவரோடு எனக்குக் கோபம் வரவில்லை. சின்னவள் வந்து என் மடியில் இருந்தாள். அவள் உயிரோடு இருப்பது எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அவளும் இருந்திருக்கலாம், நீங்களும் இருந்திருக்கலாம். அதை இந்த ஊரில் ஒருவரும் சொல்கிறார்களில்லை.

காரை இரும்புக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. தம்பி முன்பக்கத்தை நிமிர்த்தி அந்தச் சிலிண்டரைப் பூட்டினான். நான் ஓட்டப் பழகினேன். அப்போது வேலியோரம் நின்று சிரித்த சனம் இப்போது பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் என் படலையைத்தான் தட்டுகிறது. ரோட்டில் துவக்கோடு நிற்கிற ஆமிக்காரன் கை காட்டினால், காட்டிய இடத்தில் நிற்க வேண்டிய காலம் இது. கார் நிற்கிறது.

மாமி இப்போது என்னோடு கதைக்கிறா. போன கிழமை உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "செத்தவனோட என்ன கோவம் பிள்ளை, விடன்" என்றா.

படத்தில் இருக்கிற உத்தமனோடு எனக்கு ஒரு கதையும் இல்லை. எல்லாரும் அவரைக் கும்பிடட்டும். சிரித்துச் சிரித்தே நாளைக் கடத்தின என்ரை மனிசனோடுதான் எனக்குக் கோபம். அவரைத் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். நான் விடமாட்டன்.