பின்னல் போட்ட புகைப்படம்

அனுப்புநர்:
வே. கிருபாவதி,
மிஷன் தெரு, குப்பம்,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பதி மாவட்டம்.

பொருள்: இளையோர் இல்லத்திலிருந்து காணாமல் போன என் மகள் லீனாவைத் (வயது 16) தேடும் படத்தை மாற்றவும், இல்லத்தின் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் குற்றத்தை முதலில் எழுதிவிடுகிறேன்; இல்லத்தார் எப்படியும் எழுதுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதை மறைத்தாள் என்று, ஜூன் 8 ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் நிற்க, லீனாவின் பின்னலைப் பிடித்து இழுத்து அடித்தேன். மறுநாள் அவள் திருப்பதிக்கு ரயில் ஏறிவிட்டாள். அங்கே பிடித்த ரயில்வே போலீசாரிடம் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொன்னதால், நற்கரை இளையோர் இல்லத்தில் தொண்ணூறு நாள் தங்கவைத்து ஆலோசனை தரக் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை.

2. ஜூலை 6 அன்று பதினைந்து நிமிடம் பார்க்க விட்டார்கள்.  லீனா சீப்பை என்னிடம் நீட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பின்னிவிட்டேன். ஆகஸ்ட் 3 அன்று மறுபடி போனபோது, அம்மை போட்டிருக்கிறது, பார்க்கக்கூடாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

3. அம்மை இல்லை ஐயா. ஆகஸ்ட் 1 அன்று எனக்குப் போன் செய்யக் கேட்டிருக்கிறாள். மறுத்ததும் சுவர் ஏறியிருக்கிறாள். பிடித்துவந்து, சாப்பாட்டுக் கூடத்தில் மற்றப் பெண்கள் முன்னிலையில் மொட்டை அடித்து, விழுந்த முடியை அவளையே கூட்ட வைத்திருக்கிறார்கள். வேறு ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நின்றால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். திருப்பதியில் கேட்கமாட்டார்கள். இந்தத் தண்டனைக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது.

4. ஆகஸ்ட் 11 அன்று லீனா தப்பினாள். எனக்குச் சொன்னது 13 அன்று. மொட்டை அடித்ததைச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒட்டுவதற்காக நான் கொண்டுபோயிருந்த பின்னல் போட்ட படத்தைக் காப்பாளர் பிரேமலதா வாங்கிப் பார்த்து, “நல்லாத் தெளிவா இருக்குதும்மா, இதையே ஒட்டு” என்றார். காவல் நிலையத்திலும் அதையே கொடுத்தேன்.

5. ஆகஸ்ட் 16 அன்று திருச்சானூர் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில், லாட்ஜ் படியில் ஒரு மொட்டைப் பெண், தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் முடி காணிக்கை வழக்கமில்லை. மொட்டைத் தலை என்றால் வேண்டுதல் முடித்த யார் வீட்டுப் பிள்ளையோ என்று நான் கண்ணை எடுத்துவிடுவேன். அன்றும் எடுத்துவிட்டேன். அவளுக்கு நாலடி தள்ளி நின்று டிரைவர் எத்திராஜிடம் படத்தைக் காட்டினேன். “பின்னல் போட்ட பொண்ணு எதுவும் படலம்மா. மொட்டைங்கதான் போய்க்கினு வந்துக்கினு இருக்குது” என்றார். அந்தப் பெண் எழுந்தாள். எனக்கு வழி விடுகிறாள் என்று நினைத்து நடந்துவிட்டேன்.

6. ஆகஸ்ட் 21 அன்று, லீனாவின் பெயரை நீக்கக் கையெழுத்துப் போட இல்லத்தில் கூப்பிட்டார்கள். எழுத்தர் கிரண்குமார் பதிவேட்டைத் திறந்து, மேலே மூன்றாவதாக நான் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினார். ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று எழுதி, பக்கத்தில் மொட்டைத் தலையோடு படம் ஒட்டியிருந்தார்கள். படியில் இருந்த பெண்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. படத்தின் நகல் கேட்டேன். பிள்ளைகளின் விவரம் ரகசியமாம், தரமுடியாதாம்.  அடிக்கிற தாயிடமிருந்து காப்பாற்றத்தான் அவளை வாங்கிக்கொண்டார்கள். நான் இழுத்த முடியை அவர்கள் சிரைத்துப் போட்டார்கள்.

ஆகவே தாங்கள் செய்யவேண்டியது:

பதிவேட்டில் உள்ள படத்தை இன்றே வாங்கித் தேடுவோரிடம் கொடுக்க வேண்டும். இன்று அவளுக்கு மூன்றரை வாரத்து முடி இருக்கும். இன்னும் இரண்டு மாதம் போனால் அந்தப் படமும் உதவாது.

அந்த இல்லத்துக்கு முன்னறிவிப்பின்றிப் போய், அங்கே சில பெண்கள் போட்டிருக்கும் முக்காடுகளை எடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

லீனா கிடைத்தால், வேறெதையும் கேட்கும் முன் இதைச் சொல்லச் சொல்லுங்கள்: திருச்சானூரில் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தே விட்டுப் போகவில்லை.

இடம்: திருப்பதி
நாள்: 25.08.2025

(ஒப்பம்) வே. கிருபாவதி

இணைப்பு:
1. தெலுங்கு நகல். சபையின் ஜோனத்தான் எழுதிக் கொடுத்தது. அதில் இதைவிடப் பணிவு இருந்தால் அது அவருடையது.
2. லீனாவின் பின்னல் போட்ட படம். தயவுசெய்து இதை வைத்துத் தேட வேண்டாம்.