புளித்த மாவு

அன்புள்ள அம்மாவுக்கு, பெய்லா வணக்கத்துடன் எழுதுவது. உன் இருமல் தணிந்ததா? நான் சுகம்.

பியாலிஸ்டாக்கில் நான் வேலை செய்த அப்பக்கடையை மூடிவிட்டார்கள். பயப்படாதே, வேறு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

முதலாளி கெட்ஸல் அடுப்பைக் கவனிக்காமல் வாசலில் பேசிக்கொண்டு நின்றதில், துளியும் புளிக்கக் கூடாத பாஸ்கா பண்டிகை அப்பத்துக்குப் பிசைந்த மாவு காத்துக் கிடந்து புளித்துவிட்டது. கொட்ட மனமில்லாமல், "சுடுங்கடி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அப்பம் முறைப்படி சுடப்படுகிறதா என்று சோதிக்க வந்த மதகுரு ரபியின் கண்ணில் உப்பிய அப்பம் பட்டது. உடனே கெட்ஸல், என்னோடு மாவு பிசையும் விதவை ஹென்யாவைக் காட்டி, "இந்தச் சோம்பேறிதான் கெடுத்தா!" என்றார். ரபி நம்பத் தயங்கியதும், வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியமே செய்துவிட்டார், அம்மா! ஜெபத்தில் தேம்பி அழுகிற மனிதர்!

"பொய்! நீங்கதானே சுடச் சொன்னீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

ரபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "கெட்ஸல், கொட்டியிருந்தா ஒரு தொட்டி மாவோட போயிருக்கும். முதல் பாவத்துக்கு நீதான் கதவைத் திறந்தே. மத்ததெல்லாம் உன்னைக் கேக்காமலே உள்ள வந்துடுச்சு, பாத்தியா?"

கெட்ஸல் தன் கையையே வெறித்தார். "நானா இதெல்லாம் பண்ணேன்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வீட்டு மாடியில் குடியிருந்த ஹென்யா இப்போது என் அறையில் இருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு. இரண்டு ஜோடியாக அனுப்பு. பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுது, அம்மா. அவளுக்கும் படித்துக் காட்டுவேன். நம் ஊருக்கு வண்டி கிளம்புகிறது, கடிதத்தைக் கொடுத்தனுப்ப ஓடுகிறேன்.

உன் பெய்லா