படத்தில் சிரிப்பது நான்தான்

லிங்கி ரப்பர் தோட்டம், மலாயா, 1943.

அன்பு மகனுக்கு,

உன் அப்பன் சினிமாக்காரன் ஆகிவிட்டான். என் எத்துப்பல் மூஞ்சியைப் பார்த்து ஜப்பான்காரனே பொறுக்கியெடுத்தான். சயாமில் ரயில் பாதை போடும் வேலையில் இருப்பதுபோல் உட்காரவைத்து, தட்டு நிறைய வெள்ளைச் சோறு போட்டுச் சிரிக்கச் சொன்னான். மாதக்கணக்காய் மரவள்ளிக்கிழங்கே தின்றவன் சிரிக்காமல் என்ன செய்வேன்? படம் எடுத்ததும், ஒரு வாய் வைப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நேற்று அந்தப் படத்தை இங்கே திரை கட்டிப் போட்டார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சன்னாசி சயாமுக்குப் பேர் கொடுத்துவிட்டான்.

"எல்லாம் பொய்டா" என்றேன்.

"சோறும் பொய்யா மாமா?"



போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. அடுத்து பகாவில், உன் தோட்டத்தில் போடுகிறார்களாம். கைதட்டச் சொன்னால் தட்டு. அப்பாவே சிரிக்கிறாரே என்று நம்பிப் பேர் கொடுத்துவிடாதே, ஐயா.

உன் அப்பா