மூன்று புள்ளடி

4 செப்டெம்பர் 2005, ஞாயிறு

அந்தோனிப்பிள்ளை அண்ணை குடும்பத்தோடு லண்டனுக்குப் போகிறாராம். மச்சான் அங்கே பெற்றோல் நிலையம் எடுத்திருக்கிறாராம். தமிழ்ப் பள்ளியில் தேநீர் குடிக்கும்போது போகிறபோக்கில் சொன்னார். எல்லோரும் கவலைப்பட்டார்கள். நானும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளே வேறு யோசனை ஓடியது.

அண்ணை எட்டு வருடமாக எங்கள் நகரத்து வெளிநாட்டவர் சபையில் இருந்தவர். வெளிநாட்டுச் சனத்தின் குறைகளை நகரசபைக்கு எடுத்துச் சொல்லும் சபை அது. நவம்பர் கடைசியில் தேர்தல். ஆசியப் பட்டியலுக்கு எப்போதும் ஒரு கதிரைதான் கிடைக்கும், பட்டியலில் கூட வாக்கு எடுப்பவருக்கு. அந்தக் கதிரை இப்போது காலி.

என்னை விட்டால் யார்? இந்த நகரத்துத் தமிழருக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் யார்? நான். கடந்த ஐந்து வருடத்தில் ஒரு குடும்பம் மிச்சமில்லை. கடவுச்சீட்டு வந்த அன்று லட்டோடு வந்து, "சிறீ அண்ணை, சாகுமட்டும் மறக்கமாட்டம்" என்று கையைப் பிடித்தவர்கள். மறந்தார்களா இல்லையா என்று பார்க்க இதுதான் நேரம்.

வீட்டுக்கு வந்து யோகத்திடம் கதிரை விஷயத்தைச் சொன்னேன்.

"கதிரை வேணுமெண்டால் குசினியிலை ஒண்டு கால் ஆடிக்கொண்டு நிக்குது. முதல் அதைத் திருத்துங்கோ."

என் மனைவிக்கு அரசியல் அறிவு கிடையாது.

10 செப்டெம்பர், சனி

பரராசசிங்கமும் கேட்கிறான்! ஆசியக் கடை வைத்திருக்கிற பரராசசிங்கம். பொது விஷயத்துக்கு ஒரு துரும்பு எடுத்துப் போட்டிருப்பானா?

"நீர் கேளும், நானும் கேக்கிறன். சனம் தீர்மானிக்கட்டும்" என்று பெரிய ஜனநாயகவாதி மாதிரிச் சொல்லிக்கொண்டு வெண்டிக்காய் நிறுத்தான். நிறுத்த பிறகு ஒரு பிடி அள்ளிக் கூடப் போட்டான். இது பச்சை லஞ்சம்.

வெண்டிக்காய் நல்ல பிஞ்சு.

14 செப்டெம்பர், புதன்

இன்னும் ஒன்று. நிருபமா என்று ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். கணவன் மென்பொருள் வேலை. முன்பு வால்டோர்ஃப் என்ற ஊரில் இருந்தார்களாம், இப்போது புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துப் புதுத் தொடர்மாடியில். இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேட்புமனு எப்படி எழுதுவது என்று கேட்டு என்னிடமே வந்துவிட்டாள்.

"அங்கிள், உங்களைத்தான் எல்லாரும் ரெஃபர் பண்ணாங்க. குழந்தைங்கள பாத்துக்க ஆள் இருக்கிற மாதிரி ஒரு ஜெர்மன் கிளாஸ் வேணும் அங்கிள். அதுக்காகத்தான் நிக்கலாம்னு."

அங்கிளாம். எனக்கு நாற்பத்தாறு வயது.

எழுதிக் கொடுத்தேன். படிவத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எதிரியின் மனுவை எதிரியே எழுதிக் கொடுத்தது உலகத்தில் எங்காவது நடந்திருக்குமா? பரவாயில்லை, அவளுக்கு யார் போடப் போகிறார்கள்?

அவள் போன பிறகு யோகம் குளிர்சாதனப் பெட்டியின் மேலே கையைக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் எழுதுறியள். என்ரை அன்ட்ராக் மூண்டு வருசமா உதிலை கிடந்து எண்ணெய் குடிக்குது."

அவளுடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்தைச் சொல்கிறாள். வீட்டு ஆள்தானே, ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டது. லண்டனில் இருக்கிற தங்கச்சி வனஜாவைப் பார்க்கப் போக வேண்டும் அவளுக்கு. இலங்கைக் கடவுச்சீட்டில் விசா கேட்டு இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். தேர்தல் முடியட்டும் என்றேன்.

21 செப்டெம்பர், புதன்

துண்டுப்பிரசுரம் அடித்தாயிற்று. கைகூப்பிய படம், பக்கத்தில் என் சின்னமாகக் குடை. இந்த நாட்டு வாக்குச்சீட்டில் சின்னமே இல்லையாம். இருக்கட்டும். சின்னமில்லாமல் எங்கள் சனம் எப்படி வாக்குப் போடும்? குடை என்றால் எல்லோருக்கும் தேவை, அதுவும் இந்த மழைக்கு.

பரராசசிங்கம் தேங்காய்ச் சின்னமாம். என்னைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறான்.

1 ஒக்டோபர், சனி

கூட்டம் அமோகம்! தமிழ்ப் பள்ளி மண்டபம் நிரம்பிச் சனம் வாசலில் நின்றது. கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் எண்பத்தைந்தாம் ஆண்டு கையில் ஒரு பையோடு வந்து இறங்கியதிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சிலர் கொட்டாவி விட்டபோது வந்த கண்ணீரைத் துடைத்தார்கள் என்று யோகம் சொல்கிறாள்.

பிறகு கரும்பலகையில் பாடம் நடத்தினேன். இங்கே ஒரு விசேஷம் உண்டு. ஒரு வாக்காளர் தனக்குப் பிடித்த ஒரே ஆளின் பெயருக்கு முன்னால் மூன்று புள்ளடி வரை போடலாம். மூன்றும் மூன்று வாக்காக எண்ணப்படும். ஊரில் ஒரு புள்ளடி போட்டுப் பழகிய சனத்துக்கு இது தெரியாது. "ஒண்டு போட்டிட்டு ஓடி வரப்படாது! எத்தினை?" என்று கேட்டேன். "மூண்டு!" என்று மண்டபமே கத்தியது.

காரில் வரும்போது யோகம் கேட்டாள்: "பேச்சு நல்லாத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் ஷோனெஃபெல்டிலை இருந்து எப்பதான் வெளிக்கிடப் போறியள்?"

2 ஒக்டோபர், ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. வெற்றியின் தொண்டை.

29 ஒக்டோபர், சனி

வாக்காளர் அட்டைகள் தபாலில் வந்திருக்கின்றன. யோகத்துக்கு வந்தது. எனக்கு வரவில்லை. வேட்பாளருக்கே வரவில்லை! பரராசசிங்கத்தின் சதியாக இருக்குமோ? அவனுடைய கடைக்கு எங்கள் தபால்காரர் வந்து போகிறவர்.

31 ஒக்டோபர், திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நகரசபைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாவிடம் குரலை உயர்த்தியே கேட்டேன், வேட்பாளனுக்கு அட்டை அனுப்பாதது எந்த ஊர் நியாயம் என்று. அவ கணினியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"திரு. சிறீதரன், நீங்கள் ஜேர்மன் குடிமகன்."

"ஓம். நல்ல குடிமகன்."

"இது வெளிநாட்டவர் சபைத் தேர்தல். வெளிநாட்டவர்தான் வாக்களிக்கலாம்."

"அப்ப நான் எப்படிப் போட்டியிடுறன்?"

"முன்பு வெளிநாட்டவராக இருந்தவர்கள் போட்டியிடலாம். வாக்களிக்க முடியாது."

நான் சிரித்தேன். எனக்கு வாக்கில்லாவிட்டால் என்ன, என் சனத்துக்கு இருக்கிறதே என்று. வாசல்வரை சிரித்துக்கொண்டுதான் வந்தேன். படியில் இறங்கும்போது கால் அப்படியே நின்றுவிட்டது.

என் சனம். நான் விண்ணப்பம் எழுதிய சனம். ஒரு குடும்பம் மிச்சமில்லாமல் — ஐயோ, ஒரு குடும்பம் மிச்சமில்லாமல்! எல்லாரையும் நானே பிடிச்சுப் பிடிச்சு ஜேர்மன்காரர் ஆக்கிப்போட்டேனே! அந்தக் கூட்டத்தில மூண்டு மூண்டெண்டு கத்தின ஒருத்தருக்கும் ஒரு புள்ளடி கூட இல்லை. அந்தோனிப்பிள்ளை அண்ணையின் காலத்தில் எல்லோரும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தார்கள், அவர் வென்றார். பிறகு நான் சேவை செய்தேன்.

1 நவம்பர், செவ்வாய்

பரராசசிங்கத்திடம் போய்ச் சொன்னேன். எதிரியென்றாலும் தெரிய வேண்டிய விஷயம். அவன் அரிசி மூட்டையில் அப்படியே இருந்துவிட்டான்.

"எனக்கும் நீர்தானே ஐசே எடுத்துத் தந்தனீர்!"

"நீர்தானே கெதியா எடுத்துத் தரச் சொல்லிக் காலிலை விழுந்தனீர்?"

"என்ரை பெண்சாதிக்கும் எடுத்தீர், மாமிக்கும் எடுத்தீர். எண்பது வயசு மாமி! அவவுக்கு என்னத்துக்கு ஐசே?"

பிறகு அவன் விரலை மடக்கி யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "உம்மடை யோகம் இன்னும் சிறீலங்காதானே?"

நான் எழும்பி வந்துவிட்டேன்.

5 நவம்பர், சனி

பரராசசிங்கத்தின் கடையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வந்திருக்கிறது. "யோகம் அக்காவுக்கு, அன்புடன்" என்று தேங்காய் படம் போட்ட துண்டும். முருங்கைக்காய் இங்கே விற்கிற விலைக்கு!

இந்த நகரத்தின் ஒரேயொரு இலங்கைத் தமிழ் வாக்காளர் என் வீட்டில் சோறு சமைக்கிறாள். நானும் வேலைக்கு இறங்கினேன். பாத்திரம் கழுவினேன். கம்பளத்துத் தூசியை மெஷினால் உறிஞ்சினேன். தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன, காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

12 நவம்பர், சனி

நல்ல மனநிலையில்தான் இருந்தாள். விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, "இண்டைக்கு மழை, வெளியிலை போகேலாது. எழுதுங்கோவன்" என்றாள்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "இப்ப வேண்டாம். குடுத்து, தப்பித்தவறி உடனை கிடைச்சிட்டால் வாக்கு இல்லாமல் போயிடும்" என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் விஷயம், இரண்டு கிழமையில் எப்படிக் கிடைக்கும்? பயம் வந்தால் மூளை வேலை செய்யாது.

யோகம் படிவத்தை மடித்தாள்.

"அப்ப உங்கடை வாக்குக்காகத்தான் நான் சிறீலங்காக்காரியா இருக்கவேணும், என்ன?"

படிவம் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டியின் மேலே போனது.

16 நவம்பர், புதன்

இரவுக்குச் சமையல் இல்லை, கடைப் பாண். பேச்சில்லை.

19 நவம்பர், சனி

பாண். முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள், ஆனால் அது வேலைக்குக் கொண்டுபோகவாம்.

நிருபமா வந்து போனாள். "ஆன்ட்டி, உங்க ஓட்டு யாருக்குன்னு நான் கேக்கவே மாட்டேன். இந்த ஃபார்ம் மட்டும் ஃபில் பண்ணித் தரவா?" யோகம் வேண்டாம் என்றாள். "அவர்தான் எழுதவேணும்" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நின்று பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

27 நவம்பர், ஞாயிறு

தேர்தல். வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். யோகத்தைக் காரில் கொண்டுபோய் இறக்கினேன். நான் உள்ளே போக ஒரு காரணமும் இல்லை. என்னுடைய தேர்தலுக்கு நானே சாரதி.

புதுத் தொடர்மாடிச் சனம் வரிசையாக வந்துகொண்டேயிருந்தது. தள்ளுவண்டிப் பிள்ளைகள், கம்பளித் தொப்பிகள், கையில் அட்டைகள். இந்தியக் கடவுச்சீட்டு எல்லோரிடமும் புத்தம்புதிதாக. நிருபமா வாசலில் இருந்து எட்டத்தில் நின்று எனக்குக் கைகாட்டினாள். "அங்கிள், ஆல் த பெஸ்ட்!" நானும் கைகாட்டினேன்.

யோகம் உள்ளே போய் வெகுநேரம். ஒரு புள்ளடி போட இவ்வளவு நேரமா? ஒருவேளை சீட்டைக் கிழித்துவிட்டாளா? தேங்காய்க்குப் போட்டிருப்பாளா? வந்து காரில் ஏறினாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று:

"பள்ளிக்கூடத்துக் கதிரை எல்லாம் என்ன இறுக்கம். ஒரு கால் ஆடேல்லை."

29 நவம்பர், செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. நிருபமா இருநூற்றுப் பதினெட்டு. பரராசசிங்கம் ஆறு. நான் மூன்று.

மூன்று! வேலையில் கேட்டவுடன் மனம் கொஞ்சம் எழும்பியது. மூன்று பேர் எனக்குப் போட்டிருக்கிறார்கள். யார் யார்? பூக்கடை வியட்நாம்காரர் ஒருநாள் சிரித்தவர். மாடிப்படி துடைக்கும் ஆப்கான் அம்மாவுக்கு நான் கதவு திறந்து பிடித்திருக்கிறேன். மூன்றாவது ஆள்தான் பிடிபடவில்லை. வியட்நாம்காரரிடம் போய்க் கையைக் குலுக்கினேன். அவருக்குத் தேர்தல் நடந்ததே தெரியாது. எனக்கு ஒரு செவ்வந்தி தந்து அனுப்பினார்.

யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செவ்வந்தியோடு குசினி வாசலில் நின்றேன். யோகம் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டு பேர் எனக்குப் போட்டிருக்கினம்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மூண்டு பேரோ? ஒண்டு போட்டிட்டு ஓடி வரப்படாது எண்டு ஊரெல்லாம் படிப்பிச்சது ஆர்?"

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பதினேழு நாள் கோபத்திலும் மூன்றையும் எனக்கே போட்டிருக்கிறாள். அழுதேன் என்றும் சொல்லலாம், புட்டு ஆவி என்றும் சொல்லலாம்.

"இனி உங்களுக்கு ஆர் போட்டதெண்டு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இதிலை என்ன ரகசிய வாக்கெடுப்பு?" என்று அதற்கும் பேசினாள். செவ்வந்தியைத் தண்ணீர்க் குவளையில் வைத்தாள்.

4 டிசெம்பர், ஞாயிறு

குசினிக் கதிரையைத் திருத்தினேன். அதில் இருந்துகொண்டு யோகத்தின் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன். பிறந்த இடம் கேட்கிற இடத்தில் பேனா நின்றது. இவள் புங்குடுதீவில் பிறந்தவள் என்று நினைத்திருந்தேன், அனலைதீவாம். பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்து, படிவம் கேட்டுத்தான் தெரிகிறது.

18 ஜனவரி 2006, புதன்

விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதே கவுண்டர், அதே அம்மா. ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, நீங்கள் எழுதினால் பிழை இருக்காது என்று முத்திரை குத்தினா. வனஜாவிடம் அடுத்த வருடக் கோடையில் வருகிறேன் என்று யோகம் தொலைபேசியில் சொல்லிவிட்டாளாம்.

அடுத்த முறையும் நிற்பீர்களா என்று அந்த அம்மா கேட்டா. நான் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். யோகம் காலால் தட்டினாள்.

வெளியே வந்து அதே படியில் நின்று யோசித்தேன். அடுத்த தேர்தல் வரும்போது யோகமும் ஜேர்மன்காரி. எனக்கு விழுந்த மூன்று புள்ளடியையும் நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறேன்.

"என்னப்பா, விறைச்சுப்போய் நிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. மழை தூறுது."

யோகம் கைப்பையைத் திறந்து எடுத்து என் கையில் திணித்தாள்.

"இந்தாங்கோ, உங்கடை சின்னம். விரிச்சுப் பிடியுங்கோ, ரெண்டு பேரும் போவம்."